எட்டுப் பேரும் ஏறிய மலை

ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு வேலை கிடையாது என்று கையெழுத்துப் போடுவதுதான் பியூலாவின் வேலை.

வேலை தேடி வருபவரை இயந்திரமே தனியாகக் கழித்துக்கட்டக் கூடாது, கடைசியில் ஒரு மனிதக் கை கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் வந்து ஆறு வருஷமாகிறது. பத்து நாளுக்குள் கையெழுத்து விழாவிட்டால் நிராகரிப்பு செல்லாது. அந்த ஆள் தேர்வானதாகவே அர்த்தம். சட்டம் போட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். துலாக்கோல் நிறுவனம் அந்த நல்ல எண்ணத்துக்கென்று தன் தூத்துக்குடிக் கிளையில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு, பியூலாவை உட்கார வைத்தது. மனோதத்துவம் படித்தவள், நாற்பத்தொரு வயது, யாரிடமும் குரலை உயர்த்தாதவள். காலையில் வீட்டு வாசலுக்கே கம்பெனி கார் வந்துவிடும்.

துலாக்கோல் நடத்தியது கேள்வித்தாள் தேர்வல்ல, விளையாட்டு. அதற்கு மலைப்பாதை என்று பெயர். விண்ணப்பித்தவரை ஒரு தடுப்புக்குள், உடம்பின் அசைவை உணரும் இரும்பு நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் மாட்டிவிடுவார்கள். ஆட்டத்தில் சத்தம் கிடையாது என்பதால் காதை அடைப்பதில்லை. கண்ணாடிக்குள் பார்த்தால், முதுகில் ஒரு மூட்டையோடு மலையடிவாரத்தில் நிற்பார். கூடவே இன்னும் ஏழு பேர், ஒரே மாதிரிச் சாம்பல் நிற உருவங்கள், முகமில்லாமல். அந்த ஏழும் பக்கத்துத் தடுப்புகளில் இருக்கும் மனிதர்களாகவும் இருக்கலாம், இயந்திரம் ஆட்டும் பொம்மைகளாகவும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். நாற்பது நிமிஷத்தில் மூட்டையோடு உச்சிக்குப் போக வேண்டும். வழியில் ஏழு வளைவு. வளைவுக்கு ஒரு கல்பெஞ்சு, பெஞ்சில் மூன்று பேருக்கு இடம். உட்கார்ந்தால் தெம்பு ஏறும், மூட்டையோடு நின்றால் இறங்கும். தெம்பு தீர்ந்துபோனால் ஆட்டம் அவ்வளவுதான்.

யார் முந்துகிறார், யார் இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கிறார், யார் தயங்குகிறார் என்று இயந்திரம் நொடிக்கு நொடி பார்த்து, ஆளின் குணத்தை இரண்டே வரியில் எழுதித் தரும். அந்த இரண்டு வரிக்குக் கீழேதான் பியூலா கையெழுத்துப் போட வேண்டும்.

இதற்கும் கோச்சிங் சென்டர் வைத்துவிட்டார்கள் நம் ஆட்கள். பாளையங்கோட்டையில் மட்டும் பதினேழு. ஒரு சென்டரில் முதல் வளைவில் உட்காரவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள், எதிர் சென்டரில் முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்றார்கள். இரண்டிலும் கூட்டம் அலைமோதியது. ஆனால் பதிவுகளைப் போட்டுப் பார்க்கும் பியூலாவுக்குத் தெரியும், மூன்றாவது வளைவைத் தாண்டினால் கோச்சிங் எல்லாம் உதிர்ந்துவிடும், சொந்த ஆள்தான் மிச்சமிருப்பார். இல்லாத மலையில் ஏறுவதற்குச் செருப்பைக் கழற்றி வைத்த ஒரு முன்னாள் ராணுவக்காரரை அவள் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு வளைவிலும் திரும்பி நின்று ஏழு தலையும் வருகிறதா என்று சரிபார்த்துவிட்டே மேலே நடந்த ஒரு பள்ளிக்கூட டீச்சரைப் பார்த்திருக்கிறாள். வழுக்கும் இடத்தைக் கடந்ததும் பின்னால் வரும் சாம்பல் உருவத்துக்குப் பாறையைத் தட்டிக் காட்டிய ஒரு கல்லூரிப் பெண்ணையும்தான். பார்க்கப் பார்க்க அவர்கள்மேல் அவளுக்குப் பிரியமாகிவிடும். பிரியப்பட்டுக்கொண்டே நிராகரிப்பில் கையெழுத்தும் போடுவாள். அது அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் இர்ஷாத் வந்து மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான். காயல்பட்டினத்துப் பையன், கிளையின் ஒரே இன்ஜினியர், கவலை வந்தால் மூக்கைச் சொறிவான். இப்போது சொறிந்துகொண்டிருந்தான்.

"பியூலாக்கா, இந்த ஊர்ல ஏதோ கோளாறு."

"ஊர்லயா, மெஷின்லயா?"

"அதுதான் பிடிபட மாட்டேங்குது. தென்கடல் காற்றாலைக்கு ஆள் எடுக்கோம்லா, கன்ட்ரோல் ரூமுக்கு. மத்த ஊர்ல நூத்துக்கு முப்பது பேர் தேறுதாங்க. நம்ம கிளையில மூணு பேர். எல்லாருக்கும் ஒரே ரெண்டு முத்திரைதான் விழுது. பாதிப் பேரு 'மறுக்கத் தெரியாதவர்'. மீதிப் பேரு 'தன் பொறுப்பைப் பிறர்மேல் தள்ளுபவர்'. இன்னைக்குக் கெடு முடியுத எட்டுப் பேரையும் பாருங்க. இந்தப் பொம்பளைகிட்டதான் ஆரம்பிக்குது."

திரையில் ஒரு பெயர் வந்தது. சண்முகக்கனி, விளாத்திகுளம். முத்திரை: மறுக்கத் தெரியாதவர்.

இர்ஷாத் பதிவை ஓடவிட்டான். முதல் வளைவு. கனியின் உருவம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. எதிரே வேறோர் உருவம் மூட்டையோடு வந்து நின்றது. கனியின் இரண்டு கையும் நீண்டன. நின்றவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை, மூட்டையை இறக்கி அவள் மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அடுத்து வந்தவருடையதும் மடிக்கு வந்தது. பெஞ்சில் பக்கத்தில் இருந்த இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர்கள் கைகளும் நீண்டன. ஒரு நிமிஷத்துக்குள் உட்கார்ந்திருந்த மூவர் மடியிலும் மூட்டை குவிந்துவிட்டது, நின்ற ஐவரும் வெறுங்கையோடு நின்றார்கள். பிறகு உட்கார்ந்தவர் எழுந்தார், நின்றவர் உட்கார்ந்தார், மூட்டைகள் மடி மாறின. ஒரு வார்த்தை பேசவில்லை.

"மூட்டை கைமாறலாம்னு ஏன் வச்சீங்க?" என்றாள் பியூலா.

"தன் சுமையை யாரு அடுத்தவன் தலையில கட்டுதான்னு கண்டுபிடிக்க வச்சது. வாங்குனா ஏமாளி, குடுத்தா ஏய்க்குத ஆளு. மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும்."

விண்ணப்பித்தவருக்கு நேரில் விளக்கம் சொல்லும் உரிமை உண்டு. நூற்றில் ஒருவர்கூட வருவதில்லை. கனி வந்திருந்தாள். காலை ஏழரைக்கே வந்து வெளி பெஞ்சில், பிளாஸ்டிக் கவர் போட்ட ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒல்லியான பெண். நூல் மில்லில் நின்று நின்று வேலை பார்த்தவர்களுக்குரிய நேரான முதுகு. மில்லை இயந்திரக் கைகளிடம் கொடுத்துவிட்டு ஆட்களை அனுப்பிவிட்டார்கள் என்றும், மில்லுக்குப் போய் வந்த காலத்திலேயே தபாலில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருக்கிறாள் என்றும் ஃபைல் சொன்னது. மலைப்பாதையில் இது அவளுக்கு மூன்றாவது தடவை.

"மத்தவங்க மூட்டையை நீங்க ஏன் வாங்கினீங்க?" என்று பியூலா கேட்டாள்.

கனியின் முகம் செத்துவிட்டது. "நானா? யாரு மூட்டையையும் நான் எடுக்கலை மேடம். சத்தியமா எடுக்கலை. எனக்குன்னு குடுத்ததத்தான் கொண்டு போனேன்."

"எடுத்தீங்கன்னு சொல்லலைம்மா. இதைப் பாருங்க."

கனி பதிவைப் பார்த்தாள். முதலில் புரியாமல் பார்த்தாள். அப்புறம் நெஞ்சில் கை வைத்துச் சிரித்துவிட்டாள்.

"இதா? இதப் போயி... நான் என்னமோ திருட்டுப் பட்டமுன்னு பதறிட்டேன்."

"செஞ்சது ஞாபகம் இல்லையா?"

"இதுல ஞாபகம் வைக்க என்ன இருக்கு மேடம்? நான் உக்காந்திருக்கேன். அவுக சுமையோட நிக்காக. வாங்கி மடியில வைக்காம எப்பிடி இருக்க?"

"அவங்க உங்ககிட்ட கேக்கலையே."

"கேக்க மாட்டாக. கேக்க விடலாமா?"

"அது ஆளே இல்ல, பொம்மையா இருக்கலாம்னு முன்னாடியே சொல்லித்தானே உள்ள அனுப்பினோம்?"

கனி இதை உண்மையாகவே யோசித்தாள். சேலை முந்தியை விரலில் சுற்றி, அவிழ்த்து, சொன்னாள்: "பொம்மையா இருந்தா என்ன மேடம். நின்னுக்கிட்டுல்ல வந்துச்சு."

பியூலா எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"நீங்க பஸ்ல வாரதில்லையா மேடம்?" கனி குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "பன்னெண்டு வருசம் நான் விளாத்திகுளம் பஸ்லதான் வந்து போனேன். டிப்ளமோ முழுக்கப் பஸ்ல படிச்சதுதான். பரீச்சை அன்னைக்குப் பாத்து ஒரே கூட்டம். முன்வாசல்ல ஏறுனேன், யாரோ பையை வாங்கிக்கிட்டாக. நெருக்கி நெருக்கி என்னப் பின்னால தள்ளிட்டாக. எறங்குத எடம் வந்துருச்சு, பை முன்னால யாரு மடியிலன்னே தெரியலை. 'பச்சைப் பை'ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். தலைக்கு மேல கை மாறிக் கை மாறி வந்துருச்சு. உள்ள ஹால் டிக்கெட்டு. வச்சிருந்தது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது மேடம்."

எழுந்து போகும்போது கதவருகே நின்றாள். "நான் பெயிலா மேடம்? ஞாயித்துக்கிழமை எனக்கு முப்பத்தஞ்சு முடியுது. பொறவு அப்ளிகேசன் போட முடியாது. அதான் கேட்டேன்."

"ஆறு மணிக்குள்ள தெரிஞ்சுடும்."

"சரி மேடம். வெளியதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பியூலா இர்ஷாத்தைக் கூப்பிட்டாள். "அந்த எட்டுப் பேரும் கடைசியில என்ன ஆனாங்க?"

"கடைசி வரைக்கும் நான் பாக்கலையேக்கா. முத்திரை விழுந்த துண்டு மட்டும்தான் ஃபைல்ல இருக்கு, முழுப் பதிவையும் மெஷின் பிழைன்னு கழிச்சுப் போட்டிருக்கு." அவன் தேடினான். கழித்துப் போட்ட பதிவுகள் கிடக்கும் இடத்தில் தேடினான். மூக்கைச் சொறிவதை நிறுத்திவிட்டான். "அக்கா, எட்டுப் பேரும் ஏறியிருக்காங்க. முப்பத்தோரு நிமிஷத்துல."

"எத்தனை பேர் ஏற முடியும்னு வச்சிருக்கீங்க?"

"அஞ்சு. அதுக்கு மேல ஏற வழியே இல்லாமத்தான் கட்டுனோம். பெஞ்சு மூணு பேருக்குத்தான், நிக்கிறவன் தெம்பு போய்க்கிட்டே இருக்கும், யாராவது மூணு பேர் விழுந்தே ஆகணும். ஆனா உக்காந்திருக்கவன் மடியில எத்தனை மூட்டை வச்சாலும் அவனுக்கு எடை தெரியாது. எடையைக் காலுக்குத்தான் எழுதுனோம். இப்பிடி ஒரு சந்து இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. உலகத்துல எங்கயும் யாரும் கண்டுபிடிச்சதில்ல."

"இவங்களும் கண்டுபிடிக்கல இர்ஷாத். பழக்கம்."

கழித்துப் போட்டதை எல்லாம் அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். எட்டயபுரத்துக்காரர்கள், சாத்தான்குளத்துக்காரர்கள், திருச்செந்தூர்க்காரர்கள். முந்திப் போய் முதல் இடம் பிடி என்று கோச்சிங்கில் உருப்போட்டு வந்தவர்கள் முந்திப் போய் இடம் பிடித்தார்கள், சரிதான். பிடித்து உட்கார்ந்த மறுவிநாடி கையை நீட்டினார்கள். செருப்பை மட்டுமே அவள் முன்பு கவனித்திருந்த அந்த ராணுவக்காரர் மடியில் நாலு மூட்டை இருந்தது. நாற்பத்தாறு ஆட்டம், நாற்பத்தாறிலும் எட்டுக்கு எட்டு. பியூலாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இவர்களில் எத்தனை பேரின் நிராகரிப்பில் தன் கையெழுத்து இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு அவள் சென்னைக்கு, மேலாளர் சாரநாதனுக்குப் பேசினாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பியூலா, ஒரு விஷயம் புரிஞ்சுக்குங்க. இந்த கேம் ஜெயிக்கறதுக்கு இல்ல, வடிகட்டறதுக்கு. எட்டுப் பேரும் ஏறிட்டா நான் யாரை வடிகட்டறது?"

"ஏற முடியாத மலையை ஏறியிருக்காங்க சார். காத்தாடி கன்ட்ரோல் ரூமுக்கு இதைவிட நல்ல ஆள் எங்க கிடைப்பாங்க?"

"இருக்கலாம். அது ஆராய்ச்சி. கிளையன்ட் கேட்டது லிஸ்ட். சீக்கிரமே ஓட்டையை அடைச்சிடுவோம். இன்னிக்கு அந்த எட்டு ஃபைல்ல கையெழுத்து போட்டு அனுப்புங்க. உங்ககிட்ட நான் கருத்து கேக்கல, கையெழுத்து கேக்கறேன்."

"போடலைன்னா?"

ஆறு வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டதில்லை.

"போடலைன்னா திங்கக்கிழமை அந்த சீட்ல போடற ஆள் உக்காந்திருப்பாங்க" என்றார், வருத்தத்தோடுதான்.

பியூலா எட்டு ஃபைலையும் முன்னால் வைத்துக்கொண்டாள். பேனாவின் மூடியைத் திறந்தாள். 'மறுக்கத் தெரியாதவர்' என்ற வரியை இன்னொரு தடவை படித்தாள். நாளைக்கு இருநூறு வீதம் ஆறு வருஷமாக, ஒன்றையாவது முடியாது என்று அவள் திருப்பி அனுப்பியதுண்டா? கிடையாது. இந்த முத்திரை வெளியே ஃபைலோடு உட்கார்ந்திருப்பவளுக்கு உரியதே அல்ல, எனக்கு உரியது என்று நினைத்தபோது அவளுக்குக் காது சூடேறியது. வாடகை வீடு, ப்ளஸ் டூ படிக்கும் மகள், வாசலுக்கு வரும் கார் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. பயமாக இருந்தது. பேனாவை மூடினாள். ஐந்தரைக்குத் திறந்தாள். மறுபடியும் மூடினாள்.

அந்தக் கிளைக்கென்று பதிவான கை அவளுடையது ஒன்றுதான். ஆறு மணி அடித்தது. திரையில் எட்டுப் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. கையெழுத்து இல்லை, தேர்வு. பேனா அவள் சொந்தப் பேனா. கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கனி எழுந்து நின்றாள்.

"வேலை கிடைச்சுட்டும்மா" என்றாள் பியூலா.

கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி என்றெல்லாம் சொல்லத் தெரியவில்லை. "மேடம், சாப்டீகளா?" என்றுதான் கேட்டாள்.

திங்கட்கிழமை கார் வரவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு பியூலா டவுன் பஸ்ஸில் ஏறினாள். மூன்று பேர் சீட்டில் நாலு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஓரமாக இருந்தவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பாராமல், பியூலாவின் தோள்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பியூலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதாள். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கனி போனில் பேசினாள். கடல் காற்றாலைகளின் கன்ட்ரோல் ரூமில் ஆளுக்கு ஆறு திரை. புயல் வந்த அன்று எல்லாத் திரையிலும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. "பக்கத்து சீட்டுப் பிள்ள மூச்சு முட்டிப் போச்சு மேடம். எனக்குக் கொஞ்சம் ஓய்வா இருந்துச்சா, அவ திரையில ரெண்ட நான் வாங்கிக்கிட்டேன். பொறவு எனக்கு முட்டும்போது இன்னொருத்தரு வாங்கிக்கிட்டாரு. ஒரு காத்தாடியும் சேதமில்ல. ஆனா ரூல்ல அப்பிடி இல்லையாம். தப்பா மேடம்?"

"தப்பில்ல கனி. நல்லாருங்க" என்றாள் பியூலா.

இர்ஷாத்தும் ஒரு நாள் வந்தான், தலையைக் குனிந்துகொண்டு. ஓட்டையை அடைத்துவிட்டார்களாம், அவன் கையாலேயே அடைக்க வைத்தார்களாம். இனிமேல் மூட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. "இப்ப மறுபடியும் அஞ்சு பேர்தான்க்கா" என்றான். பியூலா அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பாவம், அவன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது.

அவளுக்கும் வேலை வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் இடம் காலியிருந்தது. தேர்வு மலைப்பாதை வழியாகத்தான். நாற்பத்தைந்து வரை எழுதலாம்.

இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியும் உறையும் மாட்டினார்கள். ஆயிரக்கணக்கான ஆட்டத்தைப் பார்த்தவளுக்கு, முதுகில் மூட்டையோடு அடிவாரத்தில் நிற்பது இப்படி இருக்கும் என்று தெரியாமல் போயிற்று. கால் கனத்தது. இயந்திரம் எதற்கு என்ன எழுதும் என்பது அவளுக்கு மனப்பாடம். அந்தத் தெம்பில் இரண்டு வளைவை நன்றாகத்தான் கடந்தாள். மூன்றாவது வளைவுக்கு வரும்போது பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குத் தெம்புக்கோடு சிவந்து, நூலாக இளைத்துவிட்டது.

நடுவில் இருந்த உருவம் அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. மூட்டை வரவில்லை. அது இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தது. முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நீட்டிய கைகள் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கின. அடைத்துவிட்டார்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பியூலா நினைத்தாள்.

அப்போது இடப்பக்கத் தடுப்பில், கண்ணாடிக்கு வெளியே, நிஜ அறையில், ஒரு இரும்பு நாற்காலி கிறீச்சிட்டது. அதற்கு அடுத்த தடுப்பில் இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று. பெஞ்சில் ஓரத்தில் இருந்த உருவம் இடுப்பைத் தூக்கி நகர்ந்திருந்தது. நடுவில் இருந்ததும் நகர்ந்திருந்தது. மூன்றாவதும் நகர்ந்திருந்தது. கல்பெஞ்சின் ஓரத்தில் ஒரு சாண் இடம் இருந்தது. பெஞ்சில் மூன்று பேருக்கு இடம் என்று எழுதியவர்கள், நாலாவது ஆள் உட்காரக் கூடாது என்று எழுத மறந்திருந்தார்கள்.

பொம்மைகள் இல்லை. பொம்மைக்கு நாற்காலி கிறீச்சிடாது.

இதற்கு இயந்திரம் என்ன எழுதும் என்பது அவளுக்குத் தெரியும். நகர்ந்த மூவரும் தங்கள் இடத்தைக் காத்துக்கொள்ளத் தெரியாதவர்கள். உட்காரப்போகும் அவள் பிறர் இடத்தில் நுழைபவள். கீழே கையெழுத்துப் போட யாரோ ஒருவர் பேனாவோடு காத்திருப்பார். அவள் உட்கார்ந்தாள். சிவப்புக்கோடு மெல்ல ஏற ஆரம்பித்தது.

வளைவில் ஐந்தாவது ஆள் தள்ளாடிக்கொண்டு வந்து அவள் எதிரே நின்றார்.

பியூலாவின் நாற்காலி கிறீச்சிட்டது.